ஊர் இல்லாத மூன்று அணிகள்

ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ். இவை கபடி அணிகளின் பெயர்கள். புரோ கபடி லீக் பெண்களுக்காக நடத்திய ஒரே தொழில்முறைப் பருவத்தில் ஆடிய மூன்று அணிகள். 2016 ஜூன் கடைசியில் தொடங்கி, ஜூலை 31ஆம் தேதி ஹைதராபாத்தில் முடிந்தது அந்தப் பருவம். முதல் பருவமும் அதுதான், கடைசிப் பருவமும் அதுதான். பெயர்களை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். நெருப்பு இருக்கிறது, பனிக்கட்டி இருக்கிறது, புயல் இருக்கிறது. பறவை இருக்கிறது, திவா இருக்கிறாள், ராணி இருக்கிறாள். ஊர் மட்டும் இல்லை.

அதே மாதத்தில், அதே அரங்குகளில், அதே தொலைக்காட்சியில் ஆடிய ஆண்களின் அணிகளுக்கு என்ன பெயர்? பாட்னா பைரேட்ஸ், ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ், பெங்களூரு புல்ஸ், தபாங் டெல்லி, புனேரி பல்தான், யு மும்பா, பெங்கால் வாரியர்ஸ், தெலுகு டைட்டன்ஸ். எட்டு அணிக்கும் ஊரோ நிலமோ மொழியோ இருந்தது. எட்டு அணிக்கும் ஏலம் எடுத்து, சம்பளம் கொடுத்து, தோற்றால் முகம் சுளித்து, ஜெயித்தால் துள்ளிக் குதிக்கிற முதலாளிகள் இருந்தார்கள். பாட்னா ஜெயித்தால் பாட்னாக்காரர் மார் தட்டிக்கொள்ளலாம். ஐஸ் திவாஸ் ஜெயித்தால் யார் மார் தட்டுவது? பனிக்கட்டியா?

பெண்கள் கபடி ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் பார்க்க ஆள் இல்லை, விளம்பரம் இல்லை, ஆட்டக்காரர்கள் போதாது என்று காரணங்களை அடுக்குவார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஊர் இல்லாத அணிக்கு ஆள் சேராது. ஊரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஆள் சேரவில்லை என்று கணக்குக் காட்டி மூடுவது மோசடி. விளையாட்டரங்கில் நடந்ததால் இது புதிதாகத் தெரிகிறதே தவிர, நம் வீடுகளில் இது மிகப் பழைய மோசடி.

அந்தப் பருவத்தில் இறங்கியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. ஃபயர் பேர்ட்ஸுக்குத் தலைமை ஏற்றவர் மமதா பூஜாரி. 2012இல் பாட்னாவில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் இந்திய அணியை நடத்தி, இறுதியில் ஈரானை 25-19 என்று வென்றவர். ஸ்டார்ம் குவீன்ஸுக்குத் தேஜஸ்வினி பாய், ஐஸ் திவாஸுக்கு அபிலாஷா மாத்ரே. மூவருமே அர்ஜுனா விருது பெற்றவர்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்டார்ம் குவீன்ஸ் 24, ஃபயர் பேர்ட்ஸ் 23. ஒரே ஒரு புள்ளி. கடைசி விநாடிகள்வரை யார் கை ஓங்கும் என்று தெரியாத ஆட்டம். அதே நாளில் ஆண்களின் இறுதியில் பாட்னா ஜெய்ப்பூரை 37-29 என்று எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது. விறுவிறுப்புத்தான் வியாபாரம் என்றால், அன்று எந்த ஆட்டத்துக்கு மறு ஆண்டும் மேடை கிடைத்திருக்க வேண்டும்?

மறு ஆண்டு என்ன நடந்தது என்பதைத்தான் நம் மாணவிகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2017இல் லீக் சுருங்கவில்லை, பெருத்தது. ஆண்களின் அணிகள் எட்டிலிருந்து பன்னிரண்டாயின. நம் தமிழ் தலைவாஸ் பிறந்தது அந்த ஆண்டில்தான். சச்சின் டெண்டுல்கர் அதன் பங்குதாரர்களில் ஒருவர். ஒரு செல்போன் நிறுவனம் ஐந்தாண்டு விளம்பர உரிமைக்கு 300 கோடி ரூபாய் கொடுத்தது. நான்கு புதிய ஆண்கள் அணிக்கு இடம் இருந்தது, பணம் இருந்தது, நேரம் இருந்தது. ஏற்கெனவே இருந்த மூன்று பெண்கள் அணிக்கு எதுவும் இல்லை. பந்தியில் புதிதாக நான்கு இலை போட்டார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மூன்று பேரை எழுப்பி அனுப்பிவிட்டுப் போட்டார்கள்.

அந்தப் போட்டியின் பெயரையும் கவனியுங்கள். ஆண்களுடையது 'லீக்'. பெண்களுடையது 'சேலஞ்ச்'. லீக் என்றால் அடுத்த ஆண்டும் உண்டு. சேலஞ்ச் என்றால் ஒருமுறை செய்து காட்டு, பார்க்கலாம் என்று பொருள். செய்து காட்டினார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

*

ஊர் என்ற சொல்லை நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கபடி எங்கள் பக்கம் ஊரின் விளையாட்டு. தேனியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு நெடுக, தை பிறந்தால் பொங்கலுக்கும், பிறகு சித்திரை வைகாசித் திருவிழாக்களுக்கும் சுவரொட்டி ஒட்டுவார்கள். 'மாபெரும் கபடிப் போட்டி' என்று கொட்டை எழுத்து. முதல் பரிசு உபயம், இரண்டாம் பரிசு உபயம், நினைவுக் கோப்பை, நுழைவுக் கட்டணம், இரவு மின்னொளி ஆட்டம். அணிகளின் பெயர்கள் ஊர்ப் பெயர்களாகவே இருக்கும். தேவாரம், சின்னமனூர், கூடலூர், பொட்டிப்புரம். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஆட்டக்காரரின் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டார். ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ரெய்டு அனுப்புவார். அந்த ஊர் பாடிப் போகும், இந்த ஊர் மடக்கும்.

பெண்கள் எங்கே? ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். சில சுவரொட்டிகளின் அடியில் பொடி எழுத்தில் 'பெண்கள் கண்காட்சி ஆட்டமும் நடைபெறும்' என்று இருக்கும். கண்காட்சி! மாட்டுச் சந்தையிலும் பொருட்காட்சியிலும் புழங்குகிற சொல். வெளியூரிலிருந்து இரண்டு பெண்கள் அணிகளை வண்டி வைத்துக் கூட்டிவந்து ஆடவிட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊர்ப் பெண்களின் அணி என்று ஒன்று இறங்குவதில்லை. 2016இல் தொலைக்காட்சி செய்ததும் இதே கண்காட்சியைத்தான், பெரிய விளக்குகளைப் போட்டு.

பொட்டிப்புரத்தையே எடுத்துக்கொள்வோம். உத்தமபாளையம் வட்டத்தில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். வெளியுலகத்துக்கு அதை அறிமுகப்படுத்தியது நியூட்ரினோ. அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்ட 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குமாகப் பல ஆண்டுகள் ஓடின. அந்தச் சண்டை தனிக் கதை. நான் சொல்ல வருவது வேறு. சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிற, எதிலும் சிக்காமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகிற ஒரு துகளைப் பிடிக்க, இந்தியாவின் வரைபடத்தில் பொட்டிப்புரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரின் பள்ளிக்கூட மைதானத்தில் எட்டாம் வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த பெண் பத்தாம் வகுப்பில் எங்கே காணாமல் போனாள் என்று தேட ஒரு கருவியும் இல்லை.

எங்கே போனாள் என்று நமக்குத் தெரியும். வயதுக்கு வந்தாள். "சமஞ்ச பிள்ளைக்கு என்னத்தா சடுகுடு?" என்றார்கள். அடுத்து, "கையிகாலு ஒடிஞ்சா எவன் கட்டுவான்?" என்றார்கள். கல்லூரியில் தமிழ் படிக்க என்னிடம் வரும் பெண்களில், பள்ளி நாட்களில் வட்டார அளவில் கபடி ஆடியவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். கல்லூரி அணியில் ஏன் சேரவில்லை என்று கேட்டால் பதில் பெரும்பாலும் பேருந்து நேரமாக இருக்கும். மாலை நாலு மணிக்கு வகுப்பு முடிகிறது. பயிற்சி முடிய ஆறாகிறது. மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகிற பேருந்தை விட்டால் அடுத்ததற்கு இருட்டிவிடும். இருட்டினால் வீட்டில் கேள்வி வரும். ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்க்கை ஒரு டவுன் பஸ்ஸின் நேர அட்டவணையில் முடிந்துபோகிறது. அதே பேருந்தை விட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு சேரும் அண்ணன் தம்பிகளை யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு அவள் கட்டிக்கொடுக்கப்படுகிறாள். பிறந்த ஊர் 'அப்பன் வீடு' ஆகிறது, புகுந்த ஊர் 'மாமியார் வீடு' ஆகிறது. இரண்டிலும் வீடு இருக்கிறது, இரண்டும் அவளுடையது இல்லை. ஊர் வரியில் அவள் பெயர் இல்லை. கோயில் முதல்மரியாதையில் அவள் பெயர் இல்லை. பிறகு ஊர் அணியில் மட்டும் எப்படி இருக்கும்? பெண்கள் அணிக்கு ஊர்ப் பெயர் வைக்கத் தோன்றாததற்கு விளம்பர அறிவு குறைவு காரணமில்லை. பெண் ஓர் ஊரின் முகமாக நிற்கலாம் என்பதே இந்தச் சமூகத்தின் கற்பனைக்குள் வராததுதான் காரணம்.

இது எப்போதுமே இப்படித்தானா? சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். ஒக்கூர் மாசாத்தியார், வெண்ணிக் குயத்தியார். ஒருவருக்கு ஒக்கூர், ஒருவருக்கு வெண்ணி. கவிதை எழுதிய பெண்களுக்கு ஊர் இருந்தது. ஆனால் ஆடுகளம் என்று வந்ததும் அந்த இலக்கியத்திலும் அவள் பார்வையாளர்தான். ஆமூர் மல்லனோடு பொருத பெருநற்கிள்ளியைப் பற்றிப் புறநானூற்றில் பாடிய நக்கண்ணையார், களத்துக்கு வெளியே நின்று காதலிக்கிறவராகவே பேசுகிறார். மல்லனுக்கு ஆமூர் இருக்கிறது. கலித்தொகையின் ஏறு தழுவலில் இன்னும் மோசம். காளையை அடக்குகிறவனுக்கு அவள் பரிசு. பார்வையாளராக இருந்தாள், பரிசாக இருந்தாள். ஆட்டக்காரியாக அவளைப் பாட ஒரு துறையும் வகுக்கப்படவில்லை.

*

இனி, வழக்கமாக வரும் பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில்: பார்க்க ஆள் இல்லை. இதற்கு எனக்கு வாதம் தேவையில்லை. கிரிக்கெட்டே பதில் சொல்லிவிட்டது. 2018இல் பெண்களுக்கு ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். பிறகு அது மூன்று அணிகளாயிற்று. சூப்பர்நோவாஸ், ட்ரெயில்பிளேஸர்ஸ், வெலாசிட்டி. பார்த்தீர்களா, இங்கேயும் மூன்று அணிகள், இங்கேயும் ஊர் இல்லை, இங்கேயும் போட்டியின் பெயர் 'சேலஞ்ச்'. 2022வரை இந்தக் கதை ஓடியது. 2023இல் மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்து அணிகளுக்கு ஊரும் மாநிலமும் கொடுத்து ஏலம் விட்டார்கள். அந்த ஐந்து அணிகளும் விலைபோனது 4,669.99 கோடி ரூபாய்க்கு. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி. முந்தைய ஆண்டு ஊரில்லாமல் ஆடிய அதே பெண்கள்தான் இந்த அணிகளிலும் ஆடினார்கள். ஒரே இரவில் அவர்கள் திறமை பெருகிவிடவில்லை. அவர்களுக்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர் வைக்கப்பட்டது, பின்னால் ஒரு முதலீடு வைக்கப்பட்டது. கூட்டம் தானாக வந்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டின் பெயரில் ஓர் அணியும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன். மஞ்சள் சட்டைக்காக உயிரை விடுகிற ஊர் நம்முடையது.

கபடியும் கிரிக்கெட்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஆண்கள் கபடியும் ஆண்கள் கிரிக்கெட்டும் ஒன்றாக இருந்ததா? 2014க்கு முன்னால் கபடியைத் தொலைக்காட்சியில் யார் பார்த்தார்கள்? அந்த ஆண்டு முதல் பருவத்தை 43.5 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று சொன்னபோது, நாடே வாயைப் பிளந்தது. பார்வையாளர் முன்பே வரிசையில் நிற்கவில்லை. உருவாக்கப்பட்டார்கள். அன்று 12.80 லட்சம் ரூபாய்தான் உச்ச ஏலத் தொகை. 2018இல் அது 1.51 கோடி ஆனது. 2024இல் தமிழ் தலைவாஸ் ஒரே ஓர் ஆட்டக்காரருக்கு 2.15 கோடி கொடுத்தது. ஆண்களுக்குப் பத்து ஆண்டு பொறுத்திருந்து வளர்த்தவர்கள், பெண்களுக்குக் கொடுத்தது ஏறக்குறைய ஐந்து வாரம். ஐந்து வாரத்தில் காய்க்கவில்லை என்று எந்த விவசாயியாவது மரத்தை வெட்டுவாரா?

இரண்டாவது பதில்: இது முரட்டு விளையாட்டு, பெண் உடம்பு தாங்காது. இதைச் சொல்கிறவர்கள் விடிகாலையில் ஒருமுறை போடி மெட்டுக்கோ கம்பம் மெட்டுக்கோ வந்து நிற்கட்டும். ஏலக்காய் எடுக்க இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் பெண்களை நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும். நாள் முழுக்க மழையிலும் அட்டையிலும் குனிந்து நின்று, மாலையில் அதே வளைவுகளில் இறங்கி, வீட்டுக்கு வந்து உலை வைக்கிற உடம்புகள் அவை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி நடக்கிற கைகள் அவை. அந்தக் கைகள் ஒரு ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து இழுத்தால் மட்டும் ஒடிந்துவிடுமா? பெண் உடம்பு வேலை செய்யலாம், சுமக்கலாம், பெறலாம், நேர்த்திக்கடன் செலுத்தலாம். தன் மகிழ்ச்சிக்காக மண்ணில் புரள மட்டும் கூடாது. கூலிக்கோ சாமிக்கோ புருஷனுக்கோ பயன்படாத பெண்ணின் வலிமை இந்தச் சமூகத்தைப் பயமுறுத்துகிறது.

மூன்றாவது பதில் வெளியே சொல்லப்படுவதில்லை. ஆனால் எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓடுகிறது: பெண்களைப் பார்க்க வருகிற கூட்டம் ஆட்டத்தையா பார்க்க வருகிறது? இந்தக் கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுபோன நாடு அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்று சொல்கிற ஆட்டம் நம் கபடிக்குத் தூரத்து உறவு. கோட்டைத் தாண்டப் பாய்கிறவரை எதிரணி கட்டிப் பிடித்து வீழ்த்துவதுதான் அதன் உயிர். 1972இல் மயாமி டால்ஃபின்ஸ் என்ற ஆண்கள் அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் பதினேழு ஆட்டங்களையும் வென்ற பருவத்தை அந்த நாடு இன்றுவரை கொண்டாடுகிறது. அதே காலத்தில், 1974இல், அங்கே பெண்களுக்கும் ஒரு தேசிய லீக் தொடங்கியது. டொலீடோ ட்ரூப்பர்ஸ் அணியின் லிண்டா ஜெஃபர்சன் என்ற கறுப்பினப் பெண் ஓடிய ஓட்டத்துக்காக ஒரு விளையாட்டு இதழ் 1975இல் அவரைச் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. மயாமியைத் தெரிந்த அளவுக்கு டொலீடோவை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த லீக் பணமில்லாமல் தேய்ந்து மறைந்தது. பிறகு 2009இல் தொலைக்காட்சிக்கு ஏற்றதாக ஒரு பெண்கள் லீக்கைக் கண்டுபிடித்தார்கள். அதில் பெண்கள் உள்ளாடையோடு ஆட வேண்டும். லீக்கின் பெயரிலேயே உள்ளாடை இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ என்று ஊர்ப் பெயர்களெல்லாம் வைத்தார்கள். அங்கே ஊர் கிடைத்தது, உடுப்புப் போனது. 2013இல் பெயரை மாற்றினார்கள். ஆட்டத்தை விற்க உடம்பைக் காட்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்பதுதான் சந்தை பெண்களுக்கு வைக்கிற நிபந்தனை. 'திவா', 'குவீன்' என்ற பெயர்களும் அந்த நிபந்தனையின் நாகரிகமான சாயல்கள்தான்.

*

நாட்டுக்காக ஆடும்போது மட்டும் இந்தப் பெண்களுக்கு ஓர் ஊர் கிடைக்கிறது. அதன் பெயர் இந்தியா.

பெண்களுக்கான தேசியக் கபடிப் போட்டி 1955லேயே கல்கத்தாவில் நடந்துவிட்டது. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் சேர்ந்தது. பெண்கள் கபடிக்கு இடம் கிடைக்க 2010 ஆயிற்று. இருபது ஆண்டுத் தாமதம். இடம் கிடைத்த முதல் முறையே தங்கம். 2014இல் மறுபடி தங்கம். 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் 24-27 என்று தோற்று வெள்ளி. அந்த ஈரான் அணியைத் தயார் செய்தவரும் ஓர் இந்தியப் பெண்தான், நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். 2023 அக்டோபரில் ஹாங்சௌவில் சீன தைபேயை 26-25 என்று வென்று மீண்டும் தங்கம். அந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அதுதான். 'நூறு, நூறு' என்று நாடு முழுக்கக் கூவினார்கள். நூறாவதைக் கொண்டுவந்த பெண்கள், வீடு திரும்பியபோது அவர்களுக்குப் புரோ கபடியில் ஓர் அணியும் இல்லை. அந்த ஆண்டே மகளிர் லீக் ஒன்றைத் தொடங்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. 2025இல் ஆண்களின் பன்னிரண்டாம் பருவமே முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் டாக்காவில் பெண்கள் மறுபடி உலகக் கோப்பையை வென்றார்கள். அறிவிப்பு அறிவிப்பாகவே இருந்தது. இடையில் துபாயில் 2023இலும், குருகிராமில் 2025இலும் வேறு சிலர் பெண்களை வைத்துப் போட்டி நடத்தினார்கள். ஆண்களின் லீக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேச அவை எதுவும் வளர்க்கப்படவில்லை.

இதையெல்லாம் கேட்க வேண்டிய கபடிக் கூட்டமைப்பு எப்படி இருந்தது? கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே ஆண் தலைவர். 2013இல் ஒரு பெண் தலைவரானார். மகிழ்ந்துவிடாதீர்கள். அவர் முந்தைய தலைவரின் மனைவி. முந்தைய தலைவர் ஆயுட்காலத் தலைவரானார். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டையும் செல்லாதென்று தள்ளியது. நம் ஊராட்சிகளில் தலைவியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற கணவரை நாம் அறிவோம். மேலே போகப் போக நாற்காலி பெரிதாகிறது, கணவர் அப்படியே நிற்கிறார். பெண் ஒருத்தி மேலே உட்கார்ந்ததாலேயே கீழே ஆடுகிற பெண்ணுக்கு நியாயம் கிடைத்துவிடாது. ஆடிய பெண்கள் அங்கே போய் உட்கார வேண்டும். தமிழ்நாட்டின் கவிதா செல்வராஜ் இந்திய அணிக்காக ஆடினார், பிறகு அந்த அணிக்கே பயிற்சி கொடுத்தார், 2023ஆம் ஆண்டுக்கான தியான்சந்த் வாழ்நாள் சாதனை விருதையும் பெற்றார். முடிவெடுக்கிற மேசையில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இந்தப் பெண்கள் எப்போது செய்தியாகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2025 ஜனவரியில் பஞ்சாபின் பட்டிண்டாவில், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தமிழ்நாட்டு வீராங்கனைகள் தாக்கப்பட்டார்கள். நமக்குப் பக்கத்து மலையில், கொடைக்கானலில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக அணியின் பெண்களும் அங்கே இருந்தார்கள். நாற்காலி பறந்த காணொளி எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. இரண்டு நாள் பரபரப்பு. அதற்கு முந்தைய நாள்வரை அந்தப் பெண்கள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அடி வாங்கினால் செய்தி, அடித்து ஆடினால் செய்தி இல்லை.

*

ஊர் வேண்டும் என்று கேட்கும்போது, எந்த ஊர் என்ற கேள்வியை நானே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பக்கத்துக் கபடிச் சுவரொட்டிகளில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கிறது. பல இடங்களில் ஒளியக்கூட இல்லை, பனியனிலேயே அச்சடித்திருக்கிறது. 'ஊர்' என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டு உண்டான சொல். அந்த ஊரில் பெண்களுக்குப் பங்கு கேட்பதென்றால், சேரிக்கு வெளியே கோடு போட்ட ஊரில் பங்கு கேட்பதாகிவிடக் கூடாது. கோட்டையும் சேர்த்து அழிக்க வேண்டும்.

இதை எனக்குச் சுருக்கமாகக் கற்றுக்கொடுத்தது ஒரு பெயர். கண்ணகி நகர் கார்த்திகா. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவர். கண்ணகி நகர் என்பது சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மக்கள் மறைத்துவைத்த பெயர். ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் ஊர். அந்தப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒக்கூர் மாசாத்தியாருக்கும் வெண்ணிக் குயத்தியாருக்கும் அடுத்து அந்த வரிசையில் நான் எழுதுகிற பெயர் கண்ணகி நகர் கார்த்திகா. அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது. நல்லது. ஆனால் அவளோடு அதே மண்ணில் பயிற்சி எடுத்து, தேர்வாகாமல் போன பெண்களுக்கு என்ன இருக்கிறது? அதே வயதில் இருக்கிற பையன் இந்திய அணிக்குத் தேர்வாகாவிட்டாலும் ஏதாவது ஒரு லீக் அணியின் இளையோர் பட்டியலில் பெயர் வந்தால் போதும், பிழைத்துக்கொள்வான். பெண்ணுக்குத் தங்கம் அல்லது ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை இருக்க வேண்டும். அந்த நடுப்பகுதிக்குத்தான் லீக் என்று பெயர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பன்னிரண்டு ஆண்கள் அணி வைத்திருக்கிறவர்கள், அதே ஊர்ப் பெயரில், அதே சட்டை நிறத்தில், பன்னிரண்டு பெண்கள் அணி வைக்கட்டும். அணி உரிமம் வேண்டுமென்றால் இரண்டு அணியும் வேண்டும் என்று விதி எழுதட்டும். ஒரு பருவத்துக்கு இல்லை, பத்துப் பருவத்துக்கு. நம் 'தலைவாஸ்' தமிழ் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. தமிழில் தலைவி என்றும் ஒரு சொல் உண்டு என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லட்டும். கூட்டமைப்பின் நிர்வாகத்தில் பாதி இடம் ஆடிய பெண்களுக்கு வேண்டும். முதலமைச்சர் கோப்பைக்கு ஆண்டுக்கு ஒருமுறை பெண்களைத் திரட்டினால் போதாது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களுக்குப் பயிற்சியாளரும் பாயும் வேண்டும். கல்லூரி நிர்வாகங்கள் பயிற்சி முடிகிற நேரத்துக்கு ஒரு வண்டி விடட்டும். ஆண்டு விழா மேடைக்கு ஆகிற பூமாலைச் செலவில் பாதிக்கு டீசல் போடலாம்.

மிச்சம் நம் கையில் இருக்கிறது. அடுத்த தைப் பொங்கலுக்கு உங்கள் ஊரில் கபடிச் சுவரொட்டி அச்சுக்குப் போகும்முன் விழாக் கமிட்டியில் போய்க் கேளுங்கள்: நம்ம ஊர்ப் பெண்கள் அணி எங்கே? ஆள் இல்லை என்பார்கள். ஏழு பேரின் பெயரை எழுதிக் கையில் கொண்டுபோங்கள். ஊர்த் தெருவிலிருந்து மட்டும் எழுதாதீர்கள், காலனியிலிருந்தும் எழுதுங்கள். ஒரே பனியன், அதில் சாதித் தலைவர் படம் வேண்டாம், ஊரின் பெயர் மட்டும் போதும். கண்காட்சி ஆட்டம் என்று போடலாமா என்று கேட்பார்கள். போடக் கூடாது என்று சொல்லுங்கள். ஆண்களுக்கு என்ன முதல் பரிசோ அதே முதல் பரிசு, ஆண்களுக்கு என்ன எழுத்து அளவோ அதே எழுத்து அளவு. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் 'பொட்டிப்புரம் ரெய்டு' என்று கூப்பிடும்போது, கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிறவள் ஒரு பெண்ணாக இருக்கட்டும்.